செயலிக்குள் ஒரு கடை
கைத்தொலைபேசிச் செயலிக்குள்ளேயே வாங்கும் வசதியை ஆப்பிள் 2009இல் கொண்டு வந்தது. ஜோகூர் பாருவில் ஓர் இளைஞர் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான செயலியில் கூடுதல் பாடங்களை 10 ரிங்கிட்டுக்கு விற்கிறார் என வைத்துக்கொள்வோம். ஆப்பிளின் வழக்கமான கழிவு 30 விழுக்காடு. 3 ரிங்கிட் போய்விடும். சிறு நிறுவனங்கள் விண்ணப்பித்தால் 15 விழுக்காடாகக் குறையும்; இத்திட்டம் 2021இல் தொடங்கியது.

அடுத்தது பாதுகாப்பு. ரசீதைச் சேவையகத்தில் சரிபார்க்காவிட்டால், போலி ரசீது காட்டிப் பாடத்தைத் திறந்துவிடுவார்கள். தொலைபேசியை மாற்றியவருக்கு, முன்பு வாங்கியது மீண்டும் கிடைக்கவும் வழி செய்ய வேண்டும்.

பெரிய சிக்கல், பிள்ளைகள். பெற்றோருக்குத் தெரியாமல் அவர்கள் வாங்கியவற்றுக்காக, அமெரிக்காவில் 2014இல் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பித் தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது. எனவே, வாங்கும் பொத்தான் பாடத்தின் நடுவே வேண்டாம். பெற்றோர் மட்டுமே திறக்கும் பக்கத்தில் இருக்கட்டும்.