பச்சை மச்சினன்!

மறுநாள் காலை மச்சினனுக்குத் திருச்சியில் பரீட்சை. ராத்திரி ஒன்பதரை மணிக்குச் சாவகாசமாக, "மாமா, ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கணுமே" என்கிறான். கீழராஜ வீதி வரை சைக்கிளில் ஓடிப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடைகள் ஷட்டர் இறக்கியாச்சு.

"கவலைப்படாதே... நம்ம வீட்டு இங்க்ஜெட் எதுக்கு இருக்கு?" என்று மார்தட்டினேன். (இந்த மாதிரி நேரத்தில் என் வாயைப் பொத்த யாருமே இருப்பதில்லை!)

மாசக்கணக்கில் தூங்கிய பிரிண்டர், கறக் முறக்கென்று ஒரு தாளைத் துப்பியது. மச்சினன் முகம் கிளிப்பச்சை! குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

"இவன் போறது பரீட்சைக்கா, ஜெயிலுக்கா?" என்றாள் மனைவி.

விஷயம் இதுதான். உள்ளே நீலம், ரோஸ், மஞ்சள் என்று மூணு கலர். ரோஸ் லீவு போட்டால் மிச்ச ரெண்டும் சேர்ந்து பச்சையாகிவிடும். இங்க் வருகிற துவாரங்கள் தலைமுடியைவிடச் சன்னம், காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். 1977-ல் ஜப்பானில் கேனன் கம்பெனி என்ஜினீயர் இசிரோ எண்டோவின் சூடான சால்டரிங் அயர்ன், இங்க் நிரப்பிய ஊசியில் தற்செயலாகப் பட்டு இங்க் சீறியதாம். அந்தச் சூட்டு வித்தைதான் என் பிரிண்டரிலும். ஆனால், காய்ந்துபோன இங்க் எங்கே சீறுவது?

'நாஸில் செக்' போட்டேன். ரோஸ் வரிசை பல் விழுந்த மாதிரி வந்தது. 'ஹெட் கிளீனிங்' ரெண்டு தரம். கொஞ்சம் தேவலை. அதையே திரும்பத் திரும்பப் போட்டால் இங்க்தான் காலி சார். ஒவ்வொரு தடவையும் குடிக்கிறது.

எங்களுடையதில் ஹெட், கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. (டேங்க் மாடலில் பெரும்பாலும் மெஷினுக்குள் இருக்கும், அதில் இந்த வேலை வேண்டாம்.) கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த டிஷ்யூ பேப்பர் மேல் ஒத்தி வைத்தேன். தேய்க்கவில்லை. செப்புப் பட்டைகளில் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு நிமிஷத்தில் மூணு கலரும் கோடு கோடாக இறங்கின.

பதினொன்றேகாலுக்கு மச்சினன் சொந்த நிறத்தில் வந்தான். பச்சையே தேவலாம் என்று தோன்றியது. மனைவி பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

தாள் வெளியே வந்த மறு விநாடி... 'டக்!'

அப்பா! சுவர் சுவிட்சை அணைத்துவிட்டார். "கரண்ட் பில் உன் மாமனாரா கட்டறார்?"

குற்றவாளி சிக்கினார்! பிரிண்டர் பட்டனை அமுக்கி அணைத்தால், ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடிமேல் உட்காரும். சுவரில் அணைத்தால் நடுவழியில் அப்படியே நிற்கும். புதுக்கோட்டை வெயிலில் காயாமல் என்ன செய்யும்?

"அப்பா, உங்க இங்க் பேனாவை மூடாம வைப்பீங்களா?"

பேனாவை மூடாததற்கு என்னைச் சின்ன வயதில் முட்டி போட வைத்தவர் அவர். பேசாமல் போய்விட்டார்.

காலையில் சுவிட்ச் போர்டில் ஒரு சீட்டு, அதே பேனாவில்: 'முதலில் பிரிண்டர் பட்டன். பிறகு இது.'

இங்க் உறையாமலிருக்க வாரம் ஒரு கலர் பக்கம் அடிக்கச் சொன்னேன். ஞாயிறுதோறும் சித்தன்னவாசல் தாமரைக் குளம் அடிக்கிறார். ரோஸ் வருகிறதா என்று தெரிய வேண்டுமாம். இதுவரை நாலு குளம், ஹால் சுவரில்!