மிச்சத்தைக் கொட்டாதீங்க, பில்லை எறியாதீங்க



காற்றுப் புகாம அடைச்ச டப்பா, பாட்டில் உணவுல ஒரு கிருமி வளர்ந்து விஷம் உண்டாக்கும். அந்த நோய்க்குப் பேர் பொட்டுலிசம். 2015-ல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ஒரு சர்ச் விருந்தில் சாப்பிட்ட 29 பேருக்கு இது வந்தது. ஒருவர் இறந்துபோனார். வீட்டில் வெறும் கொதிநீரில் வைத்துப் பாட்டிலில் அடைச்ச உருளைக்கிழங்குதான் காரணம். சாதாரணக் கொதியில் அந்தக் கிருமியின் வித்து சாகாது.

பார்வை ரெண்டு ரெண்டாத் தெரியும், இமை தொங்கும், நாக்கு குழறும், விழுங்க முடியாது. பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. மூச்சுத் தசையும் செயலிழக்கும். அதனால உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. என்ன சாப்பிட்டீங்கன்னு டாக்டரிடம் சொல்லுங்க. (ஒரு வயசுக்குள்ள குழந்தைக்குத் தேனில் சேனை வைக்கிறதையும் விடணும். தேனிலும் அந்த வித்து இருக்கலாம்.)

கடையில் வாங்கிய பொருளால் நோய் வந்தா, நாம முதல்ல செய்யறது மிச்சத்தைக் குப்பையில் கொட்டுறது. அதுதான் சாட்சி! டப்பாவோட மூடி வைங்க. பில், டாக்டர் சீட்டு எல்லாம் பத்திரம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்க. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006, பிரிவு 65-ன்படி இறப்புக்குக் குறைந்தது 5 லட்சம், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை இழப்பீடு உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் 2 வருஷத்துக்குள் போகலாம், வக்கீல் கட்டாயமில்லை. விவரம் கேட்க 1915-க்குப் போன் செய்யுங்க.

நம்ம குழு விற்கிற ஊறுகாய்க்கும் இதே சட்டம்தான். செலவு மிச்சம்னு புளிப்பையும் உப்பையும் குறைச்சிடாதீங்க.