நமக்கென ஒரு மின்சுற்றுப் பலகை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் நம் பெரியவர்கள். மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது. டெல்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட், மும்பையின் லேமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி ஸ்ட்ரீட் என எங்கே போனாலும் உதிரிபாகங்கள் கொட்டிக் கிடக்கின்றன. கூடவே, "ப்ராஜெக்ட் ரெடியா இருக்கு, ரிப்போர்ட்டும் சேர்த்தே தர்றோம்" என்று இறுதியாண்டு மாணவர்களுக்கு விற்கும் கடைகளும் பல ஊர்களில் உண்டு. காசு கொடுத்தால் மதிப்பெண் வந்துவிடும், கைப்பழக்கம் வராது. வேலைக்கான நேர்முகத் தேர்வில், "இந்த மின்தடையை ஏன் இங்கே வைத்தாய்?" என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும், சாயம் வெளுத்துவிடும்.

இதற்கு நான் சொல்லும் மருந்து ஒன்றுதான். பிள்ளைகள் படிப்பு முடிப்பதற்குள் ஒரு மின்சுற்றுப் பலகையையாவது, அதாவது பி.சி.பி.யையாவது, தாங்களே வரைந்து, தொழிற்சாலையில் செய்து வாங்கி, இயக்கிப் பார்த்துவிட வேண்டும். முன்பு இது கம்பெனிகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் காரியம். இன்று ஐந்தே ஐந்து பலகை கேட்டாலும் செய்து அனுப்புகிறார்கள். வீட்டில் ஒரு கணினி இருந்தால் போதும்.

பலகையின் கதை

ரேடியோப் பெட்டியைத் திறந்து பார்த்த பழைய தலைமுறைக்குத் தெரியும், உள்ளே கம்பிகள் சிக்குப் பிடித்த தலைமுடி போல் இருக்கும். அந்தக் கம்பிகளுக்குப் பதிலாகச் செப்புத் தடங்களை ஒரு பலகையின்மேல் அச்சடித்துவிட்டால் என்ன என்று முயன்றவர்களில் முக்கியமானவர் பால் ஐஸ்லர். 1907இல் வியன்னாவில் பிறந்து, 1936இல் இங்கிலாந்துக்குப் போனவர். 1943இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலக் குண்டுகளின் மின்னணுத் திரிகளில் அச்சு மின்சுற்று பயன்பட்ட பிறகு இந்த முறை வேகமாகப் பரவியது.

இன்று நாம் வரைந்ததைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் கோப்புக்குக் 'கெர்பர்' என்று பெயர். இதுவும் ஒரு மனிதரின் பெயர்தான். ஜோசப் கெர்பர் 1924இல் அதே வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி 1940இல் அமெரிக்கா சேர்ந்தவர். அவர் தொடங்கிய நிறுவனத்தின் வரைவு இயந்திரங்களுக்காக உருவான மொழியே இன்று உலகம் முழுவதும் பலகைத் தொழிலின் பொதுமொழி. இருவருமே ஊர் விட்டு ஊர் வந்து பிழைத்தவர்கள் என்பது நம்மைப் போன்றவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே உறைக்கும்.

பலகை என்பது பெரும்பாலும் 1.6 மி.மீ. தடிமனுள்ள, கண்ணாடி இழையும் எபாக்சிப் பிசினும் சேர்ந்த எஃப்.ஆர்.4 என்ற பொருள். அதன்மேல் சுமார் 35 மைக்ரான் கனத்தில் செம்பு ஒட்டியிருக்கும். வேண்டாத செம்பை அரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவதே தடம். மேலே தெரியும் பச்சை நிறம், சால்டர் கண்ட இடத்தில் ஒட்டாமல் காக்கும் பூச்சு. வெள்ளை எழுத்துகள் நம் அடையாளத்துக்காக.

எதைச் செய்வது?

முதல் பலகைக்கு, மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் மணியை நான் பரிந்துரைப்பேன். குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில் தொட்டி வழியும் சண்டை வராத ஊர் உண்டோ? பி.சி.547 டிரான்சிஸ்டர் ஒன்று, மின்தடை இரண்டு, சிறு பஸ்ஸர் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி. தொட்டியின் விளிம்பருகே இரண்டு துருப்பிடிக்காத எஃகுக் குச்சிகள். தண்ணீர் இரண்டையும் தொட்டவுடன் ஒரு சிற்றோட்டம் டிரான்சிஸ்டரைத் திறக்கும், மணி ஒலிக்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டைத் தொடும் எதையும் முதல் முயற்சியில் செய்ய வேண்டாம். இதைப் பெற்றோர்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

வரையும் முறை

கீகேட் என்ற மென்பொருள் இலவசம். பிரான்சில் 1992இல் தொடங்கப்பட்டது. பின்னாளில் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடமும் அதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. வேலை நான்கு படிகளில் நடக்கும்.

முதல் படி, சுற்றுப்படம். எது எதோடு இணைகிறது என்பது மட்டுமே இதில் இருக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு பாகத்துக்கும் பலகையில் எவ்வளவு இடைவெளியில் எத்தனை துளை என்ற காலடி வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது. கவனம் அதிகம் வேண்டியது இங்கேதான். பி.சி.547இன் தட்டையான முகத்தை நம் பக்கம் திருப்பி, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே உருவத்திலிருக்கும் பி.என்.2222இல் இந்த வரிசை தலைகீழ். பார்வைக்கு இரட்டைப் பிறவிகள், குணம் வேறு! ஆகவே தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பார்க்காமல் எந்தக் காலையும் நம்பக் கூடாது.

மூன்றாவது, பாகங்களை அடுக்கித் தடம் போடுவது. ஒரே பக்கத்தில் இரண்டு தடங்கள் குறுக்கே போக முடியாது. அப்படி வந்தால் ஒன்றைத் துளை வழியாக மறுபக்கம் இறக்கிக் கடத்த வேண்டும், நாற்சந்தியில் மேம்பாலம் கட்டுவதுபோல. 35 மைக்ரான் செம்பில் 1 ஆம்பியருக்குச் சுமார் 0.3 மி.மீ. அகலம் போதும், ஆனாலும் முதல் பலகையில் இடம்தான் நிறைய இருக்கிறதே, 0.5 முதல் 1 மி.மீ. வரை தாராளமாக வையுங்கள்.

நான்காவது, சோதனை. மென்பொருளிலேயே விதிச் சோதனை உண்டு. தடங்கள் ஒட்டியிருந்தாலோ இணைப்பு விட்டுப்போயிருந்தாலோ அது சொல்லிவிடும். ஆனால் தவறான காலடி வடிவத்தைக் கண்டுபிடிக்க அதனால் முடியாது. அதற்கு நான் எப்போதும் செய்வது, வரைபடத்தை உள்ளது உள்ளபடியான அளவில் காகிதத்தில் அச்செடுத்து, அட்டையில் ஒட்டி, கடையில் வாங்கிய பாகங்களை அதன்மேல் குத்திப் பார்ப்பது. ஐந்து ரூபாய்க் காகிதம் இரண்டு வாரக் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

ஆர்டர் கொடுப்பது

செம்பு அடுக்குகள், பச்சைப் பூச்சு, எழுத்து, வெளிக்கோடு ஆகியவற்றின் கெர்பர் கோப்புகளையும் துளைகளுக்கான கோப்பையும் ஒரே கட்டாக இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றுமுன் கெர்பர் காட்டும் கருவியில் திறந்து பார்ப்பது நல்லது. வெளிக்கோடு இருக்கிறதா, துளைகள் வட்டங்களின் நடுவில் விழுகின்றனவா என்று பாருங்கள். கீழடுக்கு எழுத்து கண்ணாடிப் பிம்பம்போல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பலகையின் ஊடாக மேலிருந்து பார்ப்பதால் அப்படித்தான் தெரிய வேண்டும்.

பிறகு அடுக்கு 2, தடிமன் 1.6 மி.மீ., எண்ணிக்கை 5 என்று குறித்தால் விலை வந்துவிடும். 100 மி.மீ.க்கு 100 மி.மீ. அளவுக்குள் இருந்தால் சீன நிறுவனங்கள் பலவற்றில் விலை மிகக் குறைவு. ஆனால் கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து பலகை விலையைத் தாண்டிவிடும், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான். நம் நாட்டிலும் பெங்களூர், குஜராத் முதலிய இடங்களில் சிறு எண்ணிக்கைக்குச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

"வீட்டிலேயே ஃபெரிக் குளோரைடில் அரித்துக்கொள்ளலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், கற்றுக்கொள்ளவும் நல்லது. ஆனால் துணியிலும் தரையிலும் பட்ட கறை போகாது. செம்பு கலந்த அந்த மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டவும் கூடாது. அடுக்குமாடி வீட்டுக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து.

பலகை வந்த பின்

உடனே சால்டர் பிடிக்க உட்கார வேண்டாம். முதலில் மல்டிமீட்டரால் பேட்டரியின் இரு முனைகளுக்கான தடங்களும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று உறுதிசெய்யுங்கள். குட்டையான பாகங்கள் முதலில், உயரமானவை கடைசியில். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். சால்டரில் ஈயம் இருந்தால் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

மணி ஒலிக்காவிட்டாலும் நஷ்டமில்லை. எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று பிள்ளை தானே தேடத் தொடங்குகிறதே, அந்த ஒரு மணி நேரத்தில் கற்பது கடையில் வாங்கிய ப்ராஜெக்டில் ஒருநாளும் கிடைக்காது. "ஏன் இங்கே வைத்தாய்?" என்ற கேள்விக்கு விடையும் அங்கேதான் பிறக்கிறது.

ஒரு கட்டில் ஐந்து பலகை வரும். வீட்டுக்கு வேண்டியது ஒன்று. மீதி நான்கை நம் சங்கத்துப் பிள்ளைகள் நால்வருக்குக் கொடுங்கள். செலவும் ஐந்தாகப் பிரியும், தொட்டிகளும் வழியாது. அடுத்த பலகையை அந்த ஐவரும் சேர்ந்தே வரையட்டும்.