எங்கள் ஊர் அக்கினி வசந்தம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

தை, மாசியில் அறுவடை முடிந்து, வைக்கோற்போர் ஏறி, ஏரித் தண்ணீரும் மதகுக்குக் கீழே இறங்கிவிட்டால், பழைய வட ஆர்க்காடு, தென்னார்க்காடு மாவட்டச் சிற்றூர்களில் ஒரு பேச்சு எழும். "இந்த வருசம் பாரதம் வெக்கிறோமா, இல்லையா?" என்பதே அது. வைப்பதென்று முடிவானால், திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறும். பங்குனியில் ஓர் ஊரில் தொடங்கும் இவ்விழா, ஊர் ஊராக நகர்ந்து ஆடி வரை நடக்கும். பெரும்பாலான ஊர்களில் சித்திரையும் வைகாசியுமே இதற்குரிய மாதங்கள். அவ்விரு மாதங்களைத்தான் நம் முன்னோர் இளவேனில் என்று வகுத்தனர். ஆகவே விழா நோட்டீசில் 'அக்கினி வசந்த மகாபாரதப் பெருவிழா' என்று அச்சிடுவார்கள். வசந்தம் என்பது பருவம். அக்கினி என்பது கடைசி நாள் தீமிதி.

நம் கல்லூரி நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசினால், "அட, தெருக்கூத்துதானே!" என்று சிரிக்கிறார்கள். அது கூத்து மட்டும் அன்று. பகலில் சொற்பொழிவு, இரவில் கூத்து, வெட்டவெளியில் சடங்கு என்று மூன்று இழைகளால் முறுக்கிய கயிறு அது. அந்த முறுக்கு எப்படி ஏறுகிறது என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழாவின் முதல் வேலை பணம் திரட்டுவது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். திருமணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. சென்னையிலும் திருப்பூரிலும் வேலை செய்பவர்களுக்கும் வரி உண்டு, அவர்கள் அனுப்பிவிடுவார்கள். அடுத்து, நாட்டாண்மைக்காரர்கள் கூத்து வாத்தியாரைத் தேடிப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுப்பார்கள். வாத்தியாரின் குழுவுக்கு 'ஜமா' என்று பெயர். ஏறக்குறைய பதினைந்து பேர் இருப்பார்கள். தாம்பூலம் மாறிவிட்டால், இடி இடித்தாலும் ஜமா வந்துதான் ஆகவேண்டும்.

எங்கள் ஊரில் விழா பதினெட்டு நாள். கொடியேற்றிக் காப்புக் கட்டியதும் பிற்பகலில் பாரதச் சொற்பொழிவு தொடங்கும். பிரசங்கியார் ஒருவர் வில்லிபுத்தூராரின் பாரதத்திலிருந்து விருத்தத்தைப் பாடிப் பொருள் சொல்வார். பத்துப் பருவங்களில் 4,000-க்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட நூல் அது. விருத்தத்தைச் சொல்லிவிட்டு உடனே உழவுக்கும், வரப்புத் தகராறுக்கும், மாமியார் மருமகள் சண்டைக்கும் தாவுவார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் அந்த விருத்தங்களில் அடுத்த அடியை முன்கூட்டியே முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆத்தாவும் அவர்களில் ஒருத்தி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள்.

கடைசி எட்டு இரவுகள் கூத்து. அந்த ஒரு வாரம் ஊரின் கடிகாரமே மாறிவிடும். காலையில் எல்லோரும் தூங்குவார்கள். பிற்பகலில் பிரசங்கியார் எந்தக் கதையைச் சொன்னாரோ, அதே கதை இரவில் வேடம் கட்டி ஆடி வரும். வில்வளைப்பு, இராசசூய யாகம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்பது எங்கள் ஊர் வரிசை. பிற ஊர்களில் நாள் கூடும், குறையும், கதையும் சற்று மாறும்.

இரவு பத்து மணிக்கு மேல் மத்தளம் முழங்கும். முதலில் கட்டியக்காரன் வருவான். அவன் அரசனுக்கு வாயில் காப்போன். நமக்கு வேடிக்கை காட்டுபவன். ஊர்ப் பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்யும் உரிமை பெற்ற ஒரே ஆளும் அவனே. பிறகு இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் பின்னாலிருந்து சலங்கை ஒலி கேட்கும், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். திரைக்குப் பின்னே நின்றே அரசன் தன் பெருமையைப் பாடுவான். குழந்தைகள் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவது இந்தத் திரைப் பிரவேசத்துக்காகத்தான். திரை விலகியதும், முகமெல்லாம் சிவப்பாகத் துரியோதனன் நிற்பான்.

அந்தக் கிரீடமும் தோளில் அணியும் புஜக்கட்டைகளும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. எடை குறைந்த மரம் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். மேலே வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்டுவார்கள். விடிய விடிய இவற்றைச் சுமந்துகொண்டு கிறுகிறுவென்று சுற்றி ஆடவேண்டும். இந்தக் கட்டைகளை வைத்தே 'கட்டைக்கூத்து' என்று இக்கலையைச் சொல்ல வேண்டும், 'தெருக்கூத்து' என்பது இளக்காரமான பெயர் என்று கருதும் கலைஞர்கள் உண்டு. 1990-ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் தொடங்கிய அவர்களது சங்கம் அப்பெயரையே சூடிக்கொண்டது. செய்யாற்றுக்கு அருகிலுள்ள புரிசையில் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் குழுவோ தெருக்கூத்து என்ற பெயரையே வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் இரண்டும் வழக்கில் இல்லை. 'நாடகம்' என்போம், அல்லது வெறுமனே 'கூத்து'.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் முகவீணையைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. பெயரில்தான் வீணை, உண்மையில் அது நாகசுரத்தின் சின்னத் தம்பி. ஒரு முழத்துக்கும் குறைவான குழல், முனையில் சீவாளி. மைக்கும் ஒலிபெருக்கியும் வருவதற்கு முன்னால், மத்தளம், டோலக், ஹார்மோனியம், தாளம் இத்தனைக்கும் நடுவே, கடைசி வரிசையில் வைக்கோல்மேல் படுத்திருப்பவனுக்கும் அதன் ஒலி எப்படிக் கேட்டது? மனிதச் செவி 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களை மிக நுட்பமாக உணரும். சீவாளி வைத்த கூம்புக் குழல் எழுப்பும் ஒலியில் அந்த எல்லைக்குள் விழும் மேல் சுரங்கள் நிறைய உண்டு. ஆகையால் ஓசை பெரிதாக இல்லாவிட்டாலும் கூட்டத்தின் இரைச்சலைத் துளைத்துக்கொண்டு அது செவிக்கு வந்துவிடும். கூத்தாடிகள் ஐந்து கட்டைக்கும் மேலே சுருதி வைத்துப் பாடுவதற்கும் வெட்டவெளிதான் காரணமாக இருக்கவேண்டும். இப்போது எல்லா ஊரிலும் மைக் உண்டு. ஆனாலும் சுருதி இறங்கவில்லை. மைக்குக்கு முன்னால் நின்று அதே கட்டையில் பாடினால் காது கிழிகிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாம் இரவு துகில். இங்கே நான் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் நைனா ஒரு ஜமாவில் பெண் வேடம் கட்டுபவர். இருபத்தைந்து ஆண்டுகளாகத் திரௌபதி அவர்தான். மற்ற மாதங்களில் கூலி வேலை. பள்ளியில் படிக்கும்போது என்னைத் 'திரௌபதி மகன்' என்று கூப்பிடுவார்கள். சண்டை போட்டுச் சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்த நாள்கள் உண்டு. காரணத்தை நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் 'விவசாயக் கூலி' என்று எழுதினேன். அது பொய்யன்று. ஆனால் எழுதும்போது கை எதை மறைத்தது என்று எனக்குத் தெரியும்.

துகில் அன்று பகல் முழுவதும் அவர் உண்பதில்லை. ஆட்டம் அந்த இடத்தை நெருங்கும்போது மேளம் நிற்கும். துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றி, "தாயே, இது வேஷம், வயிற்றுப் பிழைப்பு, பொறுத்துக்கொள்" என்ற பொருளில் அம்மனை வேண்டிக்கொண்ட பிறகே சேலையில் கை வைப்பார். அப்போது பார்வையாளர் பக்கத்தில் பெண்களுக்கு அருள் வந்துவிடும். சில இரவுகளில் துச்சாதனனே மயங்கி விழுந்ததுண்டு. சென்ற ஆண்டு துகில் முடிந்த பின், எங்கள் தெருவில் யாருக்கும் தலை வணங்காத ஒரு பெரியவர் வந்து நைனாவின் காலில் விழுந்து எழுந்தார். நைனா அசையவில்லை; அந்த நேரத்தில் அவர் நைனாவே அல்லர். விடிந்ததும் தேங்காயெண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, காதோரத்தில் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருக்க, "டேய், பரீட்சைக்கு மொத பஸ்ச உட்றாதடா" என்றார்.

இந்த ஆண்டு உதவித்தொகைப் படிவத்தில் 'கூத்துக் கலைஞர்' என்று மாற்றி எழுத எண்ணினேன். வருமானச் சான்றிதழில் 'கூலி' என்றிருப்பதால் இரண்டும் ஒத்துப்போகவேண்டும் என்றார்கள். நைனாவிடம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையும் இருக்கிறது. ஓர் அட்டையில் கலைஞர், ஒரு சான்றிதழில் கூலி. படிவம் இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.

அர்ச்சுனன் தபசு ஏறும் நாளில் கோயில் வெளியில் ஐம்பதடிப் பனைமரம் ஒன்றை நட்டு, படிபோலக் கட்டைகள் அறைந்திருப்பார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே, குழந்தை வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்தையும் வில்வத்தையும் மடியில் ஏந்திக்கொள்வார்கள். பாசுபதம் பெறச் செய்த தவத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் என்ன தொடர்பு என்று பிரசங்கியாரைக் கேட்டேன். "தவம்னா வரம், வரம்னா புள்ள" என்று முடித்துவிட்டார்.

எட்டாம் இரவின் பதினெட்டாம் போர், விடியும்போது கூத்து மேடையை விட்டு இறங்கி வெட்டவெளிக்கு வந்துவிடும். அங்கே நாற்பதடி நீளத்தில் துரியோதனன் மண்ணால் செய்யப்பட்டு மல்லாந்து கிடப்பான். இதற்குப் படுகளம் என்று பெயர். வீமனும் துரியோதனனும் அந்த உருவத்தின் மேலேயே ஓடியாடிச் சண்டையிடுவார்கள். தொடையில் அடி விழுந்ததும் உள்ளே புதைத்த பானையிலிருந்து செந்நீர் கசியும். சபதம் நிறைவேறித் திரௌபதியின் கூந்தல் முடியப்படும். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைப்பாள். சுற்றி நிற்கும் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். எதிரிக்காகவா அழுகிறார்கள் என்று சிறுவயதில் வியந்திருக்கிறேன். அந்த ஆண்டில் தாலி இழந்தவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். அழுது முடித்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் நெற்குதிரில் போடுவார்கள்.

மாலையில் தீமிதி. கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். மேலே சாம்பல் படிந்திருக்கும். ஒவ்வோர் அடியும் தீயில் பதிவது அரை விநாடிக்கும் குறைவு. ஆகவே நிற்காமல் நடப்பவனுக்கு அநேகமாகக் காயம் ஏற்படுவதில்லை. இதை நைனாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப நீ எறங்கு பாக்கலாம்" என்றார். நான் இறங்கவில்லை.

இவ்விழா யாருடையது என்பதையும் சொல்லவேண்டும். செஞ்சி வட்டாரத் திரௌபதி கோயில்கள் பலவற்றில் முத்தால் ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரர் காவல் தெய்வமாக நிற்கிறார். அம்மன் சன்னிதியில் ராவுத்தருக்கு இடம் கொடுத்த அதே மண்ணில், உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் இடம் கிடைத்ததா? 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியல் சாதியினர் உள்ளே சென்று வழிபடுவது பற்றிய தகராறில் திரௌபதி அம்மன் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2025 ஏப்ரலில்தான் அவர்கள் உள்ளே சென்று கும்பிட முடிந்தது. நோட்டீசில் 'ஊர்ப் பொதுமக்கள்' என்று அச்சிடும்போது அதில் எந்தத் தெரு வரை அடங்குகிறது என்று பல ஊர்களில் இன்னும் யாரும் உரக்கக் கேட்பதில்லை. கூத்தைப் பார்ப்பதற்கு மட்டும் எல்லாத் தெருவும் வந்து உட்காருகிறது.

புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலையை நகரத்து நாடகக்காரர்கள் தேடிவந்து கற்றதும், ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை அதிலிருந்து வலுப்பெற்றதும் நம் பேராசிரியர்கள் அறிந்தவை. ஆனால் ஊரில் நிலைமை வேறு. எட்டு இரவைக் குறைத்து ஐந்தாக்கு, இரண்டு இரவு பாட்டுக் கச்சேரி வை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்பவர்களில் என் வயதினரே அதிகம். ஜமாவில் முகவீணைக்காரர் அறுபதைத் தாண்டிவிட்டார்; அவரிடம் கற்க ஆளில்லை. மழைக்காலத்தில் வாங்கிய முன்பணத்தைப் பல கலைஞர்கள் விழாக் காலம் முழுவதும் ஆடியே கழிக்கிறார்கள். திரௌபதி வேடத்துக்கு அடுத்த ஆள் யார் என்று வாத்தியார் ஒருநாள் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவன் படிக்கிறான்" என்றார் நைனா. அதற்குமேல் அப்பேச்சு வளரவில்லை.

எங்கள் ஊரில் வரும் சித்திரையில் கொடியேறுகிறது. துகில் இரவுக்கு நண்பர்கள் சிலரை அழைத்திருக்கிறேன். இதைப் படிக்கும் ஆசிரியர்களும் வரலாம். கடைசி பேருந்து எட்டரைக்கு வந்துவிடும், கூத்துத் தொடங்கப் பத்தாகும். இடையில் எங்கள் வீட்டில் சாப்பிடலாம். சித்திரை என்றாலும் மூன்று மணிக்கு மேல் ஏரிக்காற்று குளிரும். ஆளுக்கொரு துப்பட்டி எடுத்து வரவும். முன்வரிசையில் உட்கார முயலவேண்டாம். அது சிறுவர்களுடையது, விடமாட்டார்கள்.