ஐஸ் வைன்: பாதி பாட்டிலுக்கு ஏன் இவ்வளவு விலை?

ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீ கடையில ஒல்லியா, உயரமா ஒரு பாட்டில் பார்த்திருப்பீங்க. பெரும்பாலும் 375 மில்லிதான், அதாவது சாதாரண வைன் பாட்டில்ல பாதி. விலை மட்டும் பக்கத்துல நிக்கிற முழு பாட்டிலைவிட அதிகமா இருக்கும். அதுதான் ஐஸ் வைன். ஐஸ் போட்டுக் குடிக்கிறதால வந்த பேர் இல்லை. ஐஸ் இருந்தது திராட்சைக்குள்ள.

சின்ன வயசுல குச்சி ஐஸை உறிஞ்சினது ஞாபகம் இருக்கா? கலரும் இனிப்பும் வாய்க்கு வந்துடும். குச்சியில வெறும் வெள்ளை ஐஸ் நிக்கும். இனிப்புத் தண்ணி உறையும்போது முதல்ல ஐஸாகுறது தண்ணி மட்டும்தான். சர்க்கரை, உறையாம மிச்சமிருக்கிற திரவத்துலயே தங்கிடும். ஐஸ் வைனோட ரகசியம் மொத்தமும் இதுதான். கொடியிலேயே உறைஞ்ச திராட்சையை உருக விடாம அப்படியே பிழியறாங்க. ஐஸ் உள்ளேயே நின்னுடும், தேன் மாதிரி கெட்டியான சாறு மட்டும் மெதுவா சொட்டும். வழக்கமா கிடைக்கிற சாறுல ஐந்தில் ஒரு பங்கு கிடைச்சாலே பெரிசு. விலைக்கு முதல் காரணம் அது.

ரெண்டாவது காரணம் காத்திருப்பு. கனடாவுல, ஒண்டாரியோ மாகாணத்து நயாகரா பகுதிதான் இன்னைக்கு இதுக்குப் பேர்போன இடம். அங்க விதி என்னன்னா, மைனஸ் 8 டிகிரி அல்லது அதுக்கும் கீழே குளிர் இறங்கின பிறகுதான் பறிக்கணும். மற்ற திராட்சையெல்லாம் அறுவடையாகி மாசக்கணக்கு ஆனப்புறமும் இது கொடியிலேயே தொங்கும். டிசம்பர், சில வருஷம் ஜனவரி, அதையும் தாண்டிக்கூட. அந்தக் குளிர் வர்ற ராத்திரியில எழுந்து போய்ப் பறிக்கணும். அதுவரைக்கும் அழுகல் வரலாம், காத்துல உதிரலாம், பறவை தின்னலாம். அங்க இருக்கிற இன்னிஸ்கிலின் நிறுவனம் 1983-ல விட்டுவெச்ச பழத்தைப் பறவைகளே காலி பண்ணிடுச்சு. அடுத்த வருஷம் வலை போட்டுத்தான் ஜெயிச்சாங்க. அவங்களோட 1989 அறுவடை வைன், 1991-ல பிரான்ஸ்ல நடந்த வினெக்ஸ்போ கண்காட்சியில பெரிய விருது வாங்கின பிறகுதான் உலகம் கனடா பக்கம் திரும்பிப் பார்த்தது.

ஆனா பூர்வீகம் ஜெர்மனி. அங்க பேரு ஐஸ்வைன்தான், விதி மைனஸ் 7 டிகிரி. 2019 அறுவடைக்கு அந்தக் குளிர் எங்கேயுமே போதுமான அளவு வரலை. நாடு முழுக்க அந்த வருஷத்து ஐஸ்வைன் இல்லைன்னு அறிவிச்சாங்க. அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. பருவநிலை மாற்றத்தைப் பத்தி எவ்வளவோ பேசுறோம். ஒரு பானமே ஒரு வருஷம் காணாமப் போகுதுன்னா அது வேற மாதிரி உறைக்குது, இல்லையா?

ஃப்ரீசர்ல வெச்சு உறைய வெக்கக்கூடாதான்னு கேப்பீங்க. சிலர் செய்றாங்க, குடிக்கவும் நல்லாவே இருக்கும். ஆனா கனடாவிலயும் ஜெர்மனியிலயும் அதை ஐஸ் வைன்னு விக்க முடியாது. எனக்கும் அது நியாயமாத்தான் படுது. கொடியில குளிரும் வெயிலும் மாறி மாறிப் பட்டு வர்ற உலர்ந்த ஆப்ரிகாட் வாசனை, ஃப்ரீசர் தர்றது இல்லை.

சரி, குடிக்கிறது எப்படி? (சட்டப்படி வயசு வந்தவங்களுக்குத்தான் சொல்றேன்.) 10 டிகிரி பக்கம் குளிரட்டும், ரொம்பச் சில்லுன்னு இருந்தா வாசனை தெரியாது. 50, 60 மில்லி போதும். முதல் வாய்ல இனிப்புதான் அடிக்கும். ஒரு நொடி பொறுங்க, பின்னாடியே ஒரு புளிப்பு வரும். உறையும்போது சர்க்கரையோட அமிலமும் சேர்ந்து கெட்டியாகியிருக்கே, அதோட வேலை. அந்தப் புளிப்பு இல்லைன்னா இது வெறும் பாகு.

கூட சாப்பிட நீலச் சீஸ் பிரமாதம். அந்த உப்பு இதுக்கு நல்லா ஈடு கொடுக்கும். குலாப் ஜாமூன் மட்டும் வேண்டாம். வைனைவிட இனிப்பான எதைச் சாப்பிட்டாலும் வைன் வெறும் புளிப்பாத் தெரியும். மிச்சம் இருந்தா மூடி ஃப்ரிட்ஜ்ல வையுங்க, சில நாள் தாங்கும்.