நகர உரிமைப் பட்டயமும் குடும்ப வரலாறும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கழக்கூட்டத்தில் இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. 1990-இல் அங்கே டெக்னோபார்க் தொடங்கப்பட்ட பின்னர் வேலை நாடி வந்தோர் சிலர். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தோரின் வழித்தோன்றல்கள் வேறு சிலர். இத்தகைய குடும்பங்களில் மூத்தோர் சொல்லும் பெருமைக் கதைகளுள் ஒன்று, "நம் கொள்ளுப்பாட்டனாருக்கு இங்கிலாந்தில் ஒரு நகரத்தார் நகர உரிமை வழங்கினார்கள்" என்பது. சொன்னவர் மறைந்துவிடுவார், பட்டயம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது, கதை மட்டும் நிற்கும். அக்கதையின் மெய்ம்மையைக் காண்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில், நகர உரிமை என்பது யாது? பழங்காலத்தில் லண்டன் மாநகரின் எல்லைக்குள் சில்லறை வாணிகம் நடத்த விரும்பியவர் அந்நகரின் உரிமை பெற்றவராக இருத்தல் வேண்டும். தொழில் பழகுநராக இருந்து பெறுவது, தந்தை வழியில் பெறுவது, கட்டணம் செலுத்திப் பெறுவது என அதற்கு மூன்று வழிகள் இருந்தன. இது சாதாரண உரிமை. இதனின் வேறானது கௌரவ உரிமை. புகழ் பெற்ற ஒருவரைப் போற்றும் பொருட்டு, நகர மன்றம் தீர்மானம் நிறைவேற்றி, விழா எடுத்து வழங்குவது அது. அழகிய எழுத்துகளால் எழுதப்பட்ட பட்டயத்தைப் பேழையில் வைத்து அளிப்பது வழக்கம். ஆனால் இவ்விரண்டில் எதுவும் குடியுரிமை அன்று. நிலமோ வரிவிலக்கோ தருவதும் அன்று. முன்னோர் பெற்றது சாதாரண உரிமையா, கௌரவ உரிமையா என்பதே ஆராய்ச்சியின் முதல் வினா.

கௌரவ உரிமை பெற்ற தமிழர் ஒருவர் உண்மையாகவே இருந்தார் என்பதில் ஐயமில்லை. அவர்தாம் வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரியார். 1869-இல் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். 1915-இல் கோகலே மறைந்தபின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை ஏற்றவர். 1921-இல் லண்டனில் கூடிய பேரரசு மாநாட்டுக்கு இந்தியாவின் சார்பில் சென்றபோது, லண்டன் மாநகரம் அவருக்குத் தன் உரிமையை வழங்கிற்று. அதே ஆண்டில் அவர் பிரிட்டிஷ் மன்னரின் பிரிவி கௌன்சில் உறுப்பினராகவும் ஆனார். அவர் பெயருக்கு முன் 'ரைட் ஆனரபிள்' என்ற அடைமொழி வந்தது இப்பதவியால்தான். நகர உரிமையால் அன்று. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தமையால் இவற்றை ஒன்றெனக் கருதுவோரும் உண்டு.

இப்பெருமையின் மறுபக்கத்தையும் நாம் மறத்தலாகாது. சாஸ்திரியாருக்கு நகர உரிமை கிடைத்த அதே 1921-இல், நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்று குடியேறிய எண்ணற்ற தமிழரின் வழியினருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. பேரரசின் பிற பகுதிகளில் முறையாகக் குடியேறிய இந்தியரின் குடியுரிமையை ஏற்றல் வேண்டும் என்று அம்மாநாட்டில் தீர்மானம் செய்யப்பட்டது. தென்னாப்பிரிக்கா அதற்கு இசையவில்லை. ஒருவரைப் பேழை தந்து போற்றிய பேரரசு, பல்லாயிரவருக்கு உரிமையை மறுத்தது. சாஸ்திரியார் அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளுக்குச் சென்று அத்தீர்மானத்துக்காக வாதாடினார். 1927-இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகவும் பணியேற்றார். டர்பன் நகரில் அவர் பெயரால் எழுந்த சாஸ்திரி கல்லூரி அப்பணியின் சின்னமாகும். எனவே, ஒரு முன்னோர் பட்டயம் பெற்றாரா என்று மட்டும் கேட்பது போதாது. எதற்காகப் பெற்றார், அதன்பின் என்ன செய்தார் என்றும் கேட்டல் நலம்.

இனி, ஆராயும் முறையைக் காண்போம்.

முதலாவது, கதையைப் பிரித்து எழுதுக. எவர், எந்த நகரம், எந்த ஆண்டு, யார் சொல்லக் கேட்டது என்று நான்கு வரிகள் போதும். 'லண்டன்' என்று மூத்தோர் சொல்வது பல வேளைகளில் சீமை முழுவதையும் குறிக்கும். பட்டயம் வழங்கும் லண்டன் மாநகரமோ ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பே உடையது. எடின்பரோ ஸ்காட்லாந்தின் தலைநகர். இங்கிலாந்தின் நகரம் அன்று. நகரம் எதுவென்று தெளிந்தாலன்றி எந்தப் பதிவேட்டைப் புரட்டுவது என்று தெரியாது.

இரண்டாவது, ஆண்டைச் சட்டத்தோடு ஒத்துப் பார்க்க. 1835-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் இங்கிலாந்தின் நகரங்களில் நன்கொடையாகவோ விலைக்கோ உரிமை வழங்குவதை நீக்கிற்று. லண்டன் மாநகரம் அச்சட்டத்துக்கு உட்படவில்லை. பிற நகரங்கள் கௌரவ உரிமை வழங்க 1885-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே, '1870-இல் மான்செஸ்டர் நகரம் வழங்கியது' என்று ஒரு குடும்பக் கதை கூறுமாயின், அதனை ஐயத்துடன் நோக்குதல் வேண்டும். 1917-இல் பிக்கானேர் மகாராஜா கங்கா சிங்குக்கு மான்செஸ்டர் உரிமை வழங்கியது என்பதோ சட்டத்துக்கும் காலத்துக்கும் பொருந்துகிறது.

மூன்றாவது, வீட்டில் உள்ள பொருள்களை நன்கு நோக்குக. வெள்ளிப் பேழை ஒன்று கிடைத்தால் மகிழ்ந்து முடிவு கட்டிவிடலாகாது. நம் நாட்டு நகராட்சிகளும் சங்கங்களும் வரவேற்பு இதழ்களை அத்தகைய பேழைகளில் வைத்து அளித்ததுண்டு. உள்ளே இருக்கும் தாளில் எந்த மன்றத்தின் பெயர், எந்த முத்திரை, எந்த நாள் என்று படிக்க. மற்றொரு மயக்கமும் உண்டு. அக்காலத்து அதிகாரிகளிலும் வழக்கறிஞர்களிலும் பலர் 'பிரீமேசன்' சங்கத்தில் சேர்ந்திருந்தனர். அவர்களுக்கு லண்டனிலிருந்து முத்திரையிட்ட சான்றிதழ் வந்தது. 'பிரீமேசன்' என்பதும், நகர உரிமை பெற்றவரைக் குறிக்கும் 'பிரீமேன்' என்பதும் ஓசையில் நெருங்கியவை. இரண்டு தலைமுறை கடந்தால் ஒன்று மற்றொன்றாக மாறுவதில் வியப்பில்லை.

நான்காவது, ஆவணங்களை நாடுக. லண்டன் மாநகரின் உரிமைப் பதிவுத் தாள்கள் 1681 முதலாக லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கௌரவ உரிமைக்கோ நகர மன்றத்தின் தீர்மானப் புத்தகமே சான்று. பிற நகரங்களுக்கு அந்தந்த நகரத்து ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். எழுதும்போது பெயரைப் பலவாறு குறிப்பிடுதல் இன்றியமையாதது. ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் முன்னே வரும் நம் வழக்கத்தை அவர்கள் அறியார். சாஸ்திரியாரின் பெயரைச் 'சீனிவாச' என்று தேடுவதைவிடச் 'சாஸ்திரி' என்று தேடினால் கிடைப்பது எளிது. பிள்ளை, ஐயர், முதலியார் என்னும் ஈறுகளையும் இங்ஙனமே சேர்த்து எழுதுக. பிரிட்டிஷ் அரசிதழில் பெயர் இல்லையென்று சோர்வடைய வேண்டா. நகர உரிமை நகரத்தார் தருவது, அரசு தரும் பட்டம் அன்று.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. 1878-இல் தோன்றிய 'தி ஹிந்து', 1882-இல் தோன்றிய 'சுதேசமித்திரன்' ஆகியவற்றின் பழைய இதழ்களில் இத்தகைய விழாக்களைத் தேடலாம். முன்னோர் சென்னை மாகாண அரசில் பணியாற்றியிருந்தால் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை அணுகுக. நாகர்கோவில், செங்கோட்டைப் பகுதியினர்க்கு ஒரு சொல்: 1956 நவம்பர் முதல் நாள் வரை கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் திருவனந்தபுரத்தின் ஆட்சியில் இருந்தன. ஆதலால் அவர்தம் முன்னோர் பற்றிய திருவிதாங்கூர்ப் பதிவுகளைத் தேடுவோர் திருவனந்தபுரத்திலுள்ள கேரள ஆவணக் காப்பகத்திலேயே தொடங்குதல் தகும். கழக்கூட்டத்தில் இருப்போருக்கு அது பக்கத்து ஊரே.

தேடலின் முடிவில் 'அப்படி ஒரு பட்டயம் இல்லை' என்ற விடை வரவும் கூடும். அதனால் முன்னோரின் பெருமை குன்றிவிடாது. கப்பலேறிச் சென்றது, ஒரு கூட்டத்தில் பேசியது, ஓர் ஊருக்குக் குளம் வெட்டியது என மெய்யான செய்தி ஒன்று அத்தேடலிலேயே வெளிப்படலாம். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்குப் பிறந்த ஊரும் உறவும் தொலைவில் உள்ளன. நம் பிள்ளைகளுள் தமிழ் எழுத்தைப் படிக்க அறியாதோரும் உளர். ஆகையால் பெட்டியில் உள்ள கடிதங்களைப் படிக்க வல்ல மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்களை அருகமர்த்தி, கேட்டதைக் கேட்டபடியே நாளும் பெயரும் இட்டு எழுதி வைப்போமாக. பட்டயம் கிடைப்பினும் கிடையாவிடினும், அக்குறிப்பேடு நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் உண்மையான உரிமையாகும்.