வசனமே இல்லையா? நிறத்தைப் பேச விடுங்க!

வசனம் இல்லாம குறும்படம் எடுக்கப்போறீங்களா? முதல்ல, 1956-ல் வந்த பிரெஞ்சுப் படம் 'தி ரெட் பலூன்' பாருங்க. 34 நிமிஷம்தான். பேச்சு அங்கங்கே கொஞ்சம்தான் வரும். ஆனா, சிறந்த ஒரிஜினல் திரைக்கதைக்கான ஆஸ்கர் வாங்கின படம்! பாரிஸின் சாம்பல் நிறத் தெருக்கள், ஒரு சிறுவன், அவன் பின்னாலேயே வரும் சிவப்பு பலூன். ஃபிரேம்ல எத்தனை பேர் இருந்தாலும் நம்ம கண்ணு பலூனைத்தான் தேடும்.

உங்க கதைக்கும் அப்படி ஒரு நிறம் பிடிங்க. வேலைக்காக வெளியூர் போன மகன் விட்டுட்டுப் போன மஞ்சள் குடைன்னு வெச்சுக்கலாம். அந்த மஞ்சள் வேற எங்கேயும் தலைகாட்டக் கூடாது, சுவர்ல தொங்குற காலண்டர்லகூட. (நண்பனோட டி-ஷர்ட்லதான் பலர் கோட்டை விடுவாங்க!) மொபைல்ல எடுத்தா, வொயிட் பேலன்ஸை லாக் பண்ணிடுங்க. ஆட்டோவில் விட்டா, ஷாட்டுக்கு ஷாட் குடையோட நிறம் மாறும். அப்புறம் எடிட்டிங்ல உட்கார்ந்து அழணும்.